ரீயூனியன் தீவின் எரிமலைப் பாறைகளைப் படிக்க: ஆறு நாள் களப்பயண வழிகாட்டி

கடலுக்குள் பிறந்த எரிமலைத் தீவைக் கல் கல்லாகப் படிக்க வேண்டும் என்றால் ஹவாய் வரை போக வேண்டியதில்லை. இந்தியப் பெருங்கடலில் மொரிஷியஸுக்குத் தென்மேற்கே, பிரான்சின் ஆளுகையில் உள்ள ரீயூனியன் போதும். பரப்பு சுமார் 2,512 சதுர கிலோமீட்டர். அதற்குள் இரண்டு பெரிய எரிமலைகள். வடமேற்கில் 3,071 மீட்டர் உயர பித்தோன் தெ நேஜ். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கும் இதை மழையும் ஆறுகளும் குடைந்து, உள் வயிற்றைத் திறந்து காட்டுகின்றன. தென்கிழக்கில் சுமார் 2,632 மீட்டர் உயர பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஃபூர்னேஸில் எரிமலையின் தோலைப் பார்க்கலாம், நேஜில் எலும்பைப் பார்க்கலாம்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறை அடுக்குகளைக் கொட்டிய அதே வெப்பப்புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடம்) இன்று ரீயூனியனுக்கு அடியில் இருக்கிறது. இந்தியத் தட்டு வடக்கே நகர நகர அதன் தடம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடியில் நீண்டது. இடையில் கடல்நடு முகடு (இரு தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடர்) வெப்பப்புள்ளியின் மேல் கடந்து போனதால் தடம் இரண்டாக அறுபட்டு, பிந்திய பகுதி ஆப்பிரிக்கத் தட்டில் மொரிஷியஸ், ரீயூனியன் என்று தொடர்கிறது. புனே பக்க மலைச்சாலைகளில் படிக்கட்டு போன்ற கறுப்பு அடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு இங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. தமிழ்நாட்டில் மட்டும் களப்பயிற்சி எடுத்தவர்களுக்குக் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். நம் ஊர்ப் பாறைகள் பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ், சார்னோக்கைட் வகை, லாவா ஓட்டமே கிடையாது. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் உள்ள டைக்குகள் (விரிசலில் உருகிய பாறை ஏறி உறைந்த சுவர்கள்) மட்டும் ஓரளவு கைகொடுக்கும்.

வரிசைதான் முக்கியம்

வருகிற குழுக்கள் பலவும் முதல் நாளே எரிமலை உச்சிக்கு ஏறிவிட்டு, மீதி நாட்களில் கண்ணில் பட்டதைப் பார்க்கின்றன. அப்படிச் செய்தால் பள்ளத்தாக்குச் சுவரில் தெரியும் பழைய அடுக்கு எதுவும் புரியாது. புதியதில் தொடங்கிப் பழையதற்குப் போங்கள். ஆண்டு தெரிந்த லாவா, பிறகு வெடிப்பு வாய், பிறகு சரிந்த சுவர், கடைசியில் எரிமலையின் உட்புறம். புது லாவாவின் மேல்தோல், நடு, அடி மூன்றையும் முதல் நாளே கண்ணில் ஏற்றிக்கொண்டால், ஆயிரம் மீட்டர் சுவரில் எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று தூரத்திலிருந்தே சொல்ல முடியும்.

புறப்படும் முன்

மே முதல் நவம்பர் வரை வறண்ட பருவம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம், அப்போது திட்டமிடாதீர்கள். 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது எரிமலைப் பக்கம் உள்ள கொமெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது, அது உலகச் சாதனை. சென்னைக்கு மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் மழைக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

ரீயூனியன் பிரெஞ்சு மண் என்றாலும், ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் வராது. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடாமல் பிரெஞ்சுத் தூதரகத்திடம் விதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், கோயில்களும் உண்டு. ஆனால் தமிழில் வழி கேட்டுச் சமாளிக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

வரைபடம்: பிரெஞ்சு நில அளவை நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 தாள்கள். எரிமலைப் பகுதிக்கு 4406 ஆர்டி எண் தாள். பாறை வகைகளுக்கு பிரெஞ்சுப் புவியியல் ஆய்வு நிறுவனமான பிஆர்ஜிஎம்மின் 1:50,000 புவியியல் வரைபடம். அலைபேசி வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், பள்ளத்தாக்குகளுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய.

எரிமலையின் நிலவரத்தைத் தினமும் காலையில் பார்ப்பது கட்டாயம். பூர்-முரா ஊரில் 1979-இல் தொடங்கிய எரிமலை ஆய்வகம் நிலநடுக்கம், நிலம் உப்புவது, வாயு ஆகியவற்றைக் கண்காணிக்கிறது. அதன் தகவலை வைத்து மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை அறிவிக்கும். முதல் நிலை எச்சரிக்கை என்றால் வெடிப்பு நெருங்கலாம் என்று பொருள், உச்சியைச் சுற்றிய பெரும்பள்ளத்துக்கு இறங்கும் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். இதை மீறி இறங்குவது வீரம் அல்ல. இந்த எரிமலையில் அடுத்தடுத்துச் சிறு நிலநடுக்கங்கள் தொடங்கி லாவா வெளியே வருவதற்கு இடையில் பல முறை ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. உச்சியிலிருந்து வாயிலுக்குத் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்கு உதைக்கிறது அல்லவா?

பையில் என்ன

பத்து மடங்கு கைலென்ஸ், கழுத்தில் கயிறு கட்டி. சிறு காந்தம், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு. உறை இல்லாமல் கறுப்பு மணலில் வைத்தால் காந்தத்தில் ஒட்டிய துகளைப் பிய்த்தெடுக்க அரை நாள் போகும். ஒரு எஃகுக் கத்தி (விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் வைக்கவும்). 10 × 10 சென்டிமீட்டர் கண்ணாடித்தாளில் நூறு புள்ளிகள் குத்திய அட்டை. 20 சென்டிமீட்டருக்கு ஒரு வண்ணம் பூசிய ஒன்றரை மீட்டர் கோல். பென்சில், ஈரம் தாங்கும் நோட்டு.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கே கடையில் வெள்ளை வினிகர் வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டின் மேல் வினிகரை அப்படியே விட்டால் நுரை தெரியாது. கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி அதன் மேல் விட்டு, லென்ஸில் பாருங்கள்.

சுத்தியல் வேண்டாம். தீவின் நடுப்பகுதி 2007 முதல் தேசியப் பூங்கா, 2010 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். பூங்காவின் மையப் பகுதியில் அனுமதியில்லாமல் கல் உடைப்பதும் எடுத்துப்போவதும் குற்றம். உடைந்து விழுந்த கல்லிலேயே புதிய முகம் போதுமான அளவு கிடைக்கும்.

காலணி கணுக்கால் வரை மூடியதாக, அடிப்பாகம் கெட்டியாக இருக்கட்டும். சொரசொரப்பு லாவா மெல்லிய ஷூ அடியை ஒரே நாளில் கிழித்துவிடும். தடுமாறி விழுந்தால் உள்ளங்கையையும் கிழிக்கும், அதனால் தோட்ட வேலைக் கையுறை ஒரு ஜோடி.

திசைகாட்டி இங்கே இரண்டு வகையில் ஏமாற்றும்

முதலாவது, காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள கோண வேறுபாடு. தமிழ்நாட்டில் அது ஓரிரு டிகிரிதான், யாரும் கண்டுகொள்வதில்லை. ரீயூனியனில் 18 முதல் 20 டிகிரி மேற்கு. வாசித்த எண்ணிலிருந்து அதைக் கழிக்காவிட்டால் ஒரு டைக்கின் திசையே மாறிப்போகும். தவிர, இந்தியாவுக்கெனச் சமன் செய்த ஊசி தென்கோளத்தில் ஒரு பக்கம் சாய்ந்து அடியில் உரசும். எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் ஊசி உள்ள கருவியை எடுத்துப்போங்கள்.

இரண்டாவது, பாறையே காந்தம். லாவா உறைந்த கறுப்புப் பாறையான பசால்ட்டில் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் இருக்கிறது. மேட்டுப் பாறைகளில் மின்னல் விழுந்து இன்னும் வலுவாகக் காந்தமேறியிருக்கும். கருவியைப் பாறை மேல் வைத்து வாசிக்காதீர்கள். மார்பு உயரத்தில் பிடித்து, ஐந்து மீட்டர் தள்ளி நின்று, டைக்கின் நீட்டத்தைக் கண்ணால் நோக்கி ஒரு முறை. மறுமுனைக்குப் போய்த் திரும்பி நோக்கி ஒரு முறை. இரண்டுக்கும் இடையில் 180 டிகிரி வராவிட்டால் அந்த இடத்தில் காந்தம் குழப்புகிறது. அப்போது வரைபடத்தில் தெரியும் இரண்டு புள்ளிகளை வைத்துத் திசை எடுங்கள். அலைபேசித் திசைகாட்டிக்கும் இதே கதிதான்.

முதல் இரண்டு நாள்: ஆண்டு எழுதிய லாவா

தங்குமிடம் தெற்கே சேன்-பிலிப் அல்லது சேன்-ஜோசெப். கிழக்குக் கரையோர நெடுஞ்சாலை கிரான் ப்ருலே என்ற சரிவைக் கடக்கிறது. ஃபூர்னேஸ் கக்கும் லாவா கடலுக்கு ஓடிவரும் வழி இது. சாலையை அறுத்த ஒவ்வொரு ஓட்டத்தின் ஓரத்திலும் ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவனுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைப்பது கஷ்டம்.

2007 ஓட்டத்தில் தொடங்குங்கள். அந்த ஏப்ரலில் தென்கிழக்குச் சரிவில் சுமார் 600 மீட்டர் உயரத்தில் பிளவு திறந்து, த்ரெம்ப்லே பக்கம் லாவா கடலில் இறங்கியது. சில இடங்களில் தடிமன் 60 மீட்டர் வரை. அவ்வளவு கனம் இருந்ததால் பல ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் ஆவி பறந்தது. இங்கே செய்ய வேண்டிய வேலை:

1. முதலில் மேற்பரப்பு வகையைப் பிரியுங்கள். வழுவழுப்பான, கயிறு முறுக்கினது போன்றது பஹோய்ஹோய். உடைந்து குவிந்த சொரசொரப்பு ஆ-ஆ, உள்ளூரில் அதை கிராத்தோன் என்பார்கள். கயிற்று மடிப்பு, காய்ச்சிய பாலின் ஆடையை விரலால் தள்ளினால் சுருங்குமே, அப்படி உண்டானது. மடிப்பின் வளைவு புடைத்திருக்கும் பக்கம்தான் ஓடிய பக்கம். பத்து மடிப்புகளுக்காவது திசை எடுத்த பிறகே முடிவு சொல்லுங்கள். லாவா கிளை பிரிந்து பக்கவாட்டிலும் ஓடும், ஒன்றை வைத்து எழுதினால் தப்பாகும்.

2. சாலை வெட்டிய இடத்தில் குறுக்குமுகம் பாருங்கள். ஆ-ஆ என்றால் மேலே சரளை, நடுவில் கெட்டிப் பாறை, அடியில் மறுபடி சரளை. அந்த அடிச்சரளையைத் தனி அடுக்கு என்று எண்ணுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. இரண்டு ஓட்டத்துக்கு நடுவே செங்கல் நிறத்தில் சுட்ட மண் இருந்தால் அது உண்மையான எல்லை. மண் உண்டாகும் அளவுக்கு இடைவெளி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

3. ஆலிவின் எண்ணுங்கள். 2007 லாவாவில் பல இடங்களில் பச்சைக் கண்ணாடித் துணுக்கு போல ஆலிவின் நிறைந்திருக்கும். இப்படி ஆலிவின் மண்டிய பசால்ட்டை இங்கே ஓசியனைட் என்கிறார்கள். கண் மதிப்பில் எல்லோருமே அதிகமாகச் சொல்வார்கள். புள்ளி அட்டையைக் கல்லின் மேல் வைத்து, ஆலிவின் மேல் விழும் புள்ளிகளை எண்ணினால் சதவீதம் நேராக வந்துவிடும். மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்கவும். பழைய கல்லில் ஆலிவின் துருப்பிடித்துச் செம்பழுப்பாகியிருக்கும், அதை வேறு கனிமம் என்று எழுதாதீர்கள்.

4. தாவரத்தைக் குறியுங்கள். முதலில் ஒட்டுவது வெள்ளிச் சாம்பல் நிற லைக்கன் (கல்பாசி), அதன்பின் பெரணி, அதன்பின் மரம். 2007, 2004 ஓட்டங்களையும், வடக்கே பித்தோன் சேந்த்-ரோஸில் 1977 ஓட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வயது அளவுகோல் கிடைக்கும். ஆனால் அது இந்த மழைச்சரிவுக்கும் இந்த உயரத்துக்கும் மட்டுமே. 2,200 மீட்டர் உயரக் குளிரில் நூறாண்டுப் பாறையும் மொட்டையாகக் கிடக்கும்.

பித்தோன் சேந்த்-ரோஸில் 1977 லாவா ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்துவிட்டு, தேவாலயத்தின் வாசலில் நின்றது. ஆய்வகம் தொடங்கியதற்கு இந்த நிகழ்வே காரணம். அதுவரை பலரும் உச்சியைச் சுற்றிய பெரும்பள்ளத்துக்குள் மட்டுமே லாவா வரும் என்று மெத்தனமாக இருந்தார்கள். 1986-இலும் வெளியே சேன்-பிலிப் பக்கம் வந்து, பொயிண்ட் தெ லா தாப்ல் என்ற புது நிலத்தைக் கடலுக்குள் நீட்டியது. அங்கே கடலோரம் நடக்கலாம். ஆனால் அலையின் விளிம்பிலிருந்து பத்து மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். நெடுந்தூரத்து அலைகள் பத்து நிமிடம் அடங்கியிருந்துவிட்டுத் திடீரென எழும்பும். பக்கத்தில் கேப் மெஷான் கடற்சுவரில் தூண் தூணாகப் பிளந்த பசால்ட் நன்றாகத் தெரியும்.

2004 ஓட்டத்தின் அடியில் நடந்து போகும் அளவுக்கு லாவாக் குகைகள் உண்டு. வழிகாட்டியும் ஹெல்மெட்டும் இல்லாமல் நுழையக் கூடாது. சுவரில் கிடைமட்டமாக ஓடும் திண்ணை போன்ற விளிம்புகளைத் தேடுங்கள், லாவா எந்த மட்டத்தில் எவ்வளவு நேரம் நின்று ஓடியது என்பதற்கு அவையே தடயம்.

மூன்றாம், நான்காம் நாள்: மேட்டுக்கு

தங்குமிடம் பூர்-முரா. மாலையில் அங்குள்ள எரிமலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள், மறுநாள் நடைக்கு உதவும். விடியும் முன் கிளம்ப வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும், பிறகு கை நீட்டினால் கை தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டும்.

வழியில் நே தெ பஃப் காட்சிமுனையில் அரை மணி நேரம் நில்லுங்கள். ரிவியேர் தெ ராம்பார் பள்ளத்தாக்கு கீழே விழுகிறது. எதிர்ச்சுவரில் அடுக்கடுக்காக ஃபூர்னேஸின் பழைய லாவா. நேற்று சாலையோரம் அளந்த சரளையும் கெட்டிப் பாறையும் மாறி மாறி வருவதை இங்கே படம் வரையுங்கள். 1965-இல் இந்தப் பள்ளத்தாக்கின் மாவெல் சுவர் சரிந்து ஆற்றையே அடைத்தது. அடுக்குகள் சாய்ந்திருப்பதைப் பார்த்து நிலம் மடிந்ததாக எழுதிவிட வேண்டாம். லாவா சரிவில் ஓடி, சரிவிலேயே உறைந்தது. பிறவியிலேயே உள்ள சாய்வு.

அடுத்து பிளேன் தெ சாப்ல். செம்பழுப்புச் சரளை பரவிய வெட்டவெளி. ஓரத்தில் உள்ள பித்தோன் ஷிஸ்னி கூம்பு கக்கிய கற்களைப் பொறுமையாகப் புரட்டுங்கள். சிலவற்றின் உள்ளே முழுக்க ஆலிவினால் ஆன வெளிர்பச்சை உருண்டை இருக்கும். அது டுனைட். மாக்மா (பூமிக்குள் உருகிய பாறை) தேங்கும் அறையின் அடியில் படிந்த படிகக் குவியலைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. கையில் எடுத்து வெயிலில் திருப்பினால் ஒவ்வொரு படிகமும் தனித்தனியாக மின்னும், விளிம்பில் கறுப்பு பசால்ட் அந்த உருண்டையைக் கவ்வியிருக்கும். படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வையுங்கள்.

சாலை முடியும் இடம் பா தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆங்க்ளோ ஃபூக்கே, குதிரை லாட வடிவில் சரிந்த பெரும்பள்ளத்தின் தரை. முதலில் வருவது 1753-இல் உருவான ஃபோர்மிக்கா லெயோ என்ற குட்டிச் சிவப்புக் கூம்பு. பிறகு ரோஸ்மோன் சாப்பல், உள்ளே குடைந்த லாவா மேடு. அதன்பின் உச்சியை நோக்கிய ஏற்றம். போய்த் திரும்ப ஐந்து முதல் ஆறு மணி நேரம். தண்ணீர் ஒரு சொட்டும் கிடைக்காது, ஆளுக்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும்.

பாதையைப் பாறையில் வெள்ளைப் பெயின்ட்டால் குறித்திருக்கிறார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வெள்ளைக் குறி கண்ணில் படாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். ஒருவர் கடைசிக் குறியில் நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் போய் அடுத்ததைத் தேட வேண்டும். இந்த எரிமலையில் லாவாவைவிட மூடுபனிதான் ஆட்களுக்கு அதிக ஆபத்து.

உச்சியில் தொலோமியே பள்ளம். 2007 ஏப்ரலில் கீழே கடலோரம் லாவா வடிய வடிய, அடியில் இருந்த மாக்மா காலியாகி, பள்ளத்தின் தரை சில நாட்களில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே விழுந்தது. முதல் நாள் பார்த்த 60 மீட்டர் கனத்துக்கும் இந்த ஓட்டைக்கும் உள்ள தொடர்பை இங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். விளிம்புக்கு இணையாகத் தரையில் ஓடும் விரிசல்களைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் எதுவும் நிலையில்லை, குறித்த இடத்தைத் தாண்டக் கூடாது.

ஐந்தாம் நாள்: சிலாவோஸ்

நானூறு வளைவுகள் என்று பேர் பெற்ற சாலை. மழை பெய்தால் கல் விழும், மூடிவிடுவார்கள், முந்தைய இரவே விசாரித்துவிடுங்கள். சிலாவோஸ், மாஃபாத், சலாசி மூன்றும் பித்தோன் தெ நேஜைச் சுற்றி அரித்தும் சரிந்தும் உண்டான பெரும் குடைவுகள். வெடிப்பு வாய் அல்ல. சலாசியில் 1875-இல் மலைச்சரிவு ஒரு குடியிருப்பையே புதைத்தது.

சிலாவோஸில் இரண்டே வேலை. ஒன்று, டைக். பழைய பாறையின் விரிசலில் மாக்மா ஏறி உறைந்த இந்தச் சுவர்கள் ஓடை வெட்டுகளில் வரிசையாகத் தெரியும். தடிமன், திசை, எது எதை வெட்டுகிறது மூன்றும் வேண்டும். வெட்டுவது இளையது. ஓரம் நடுவைவிட நுண்ணிய மணியாக இருந்தால் அது டைக்தான், லாவா அடுக்கு செங்குத்தாகப் புரண்டதல்ல. இருபது டைக்குகளின் திசையைக் குறித்து வட்ட வரைபடத்தில் போட்டால் மாக்மா எந்தப் பக்கமாகப் பிளந்து ஏறியது என்று தெரியும்.

இரண்டு, மாறிப்போன பாறை. இங்குள்ள வெந்நீர் ஊற்றுகளைப் போன்ற சுடுநீர் பாறைக்குள் ஓடியதால் பசால்ட் பச்சையும் இளஞ்சிவப்புமாகி, குமிழ்த் துளைகளில் வெள்ளைக் கனிமம் நிறைந்திருக்கிறது. அது சியோலைட்டா கால்சைட்டா என்பதற்குத்தான் வினிகர். சியோலைட் பெரும்பாலும் ஊசிக் கொத்தாகவோ விசிறியாகவோ இருக்கும், நுரைக்காது. புனே, நாசிக் கல்குவாரிகளில் கிடைப்பதும் இதே குடும்பம்தான்.

ஆறாம் நாள்: மேற்குக் கரை

கேப் லா ஊசேயில் சாலையோரப் பாறையை நெருங்கிப் பாருங்கள். நொறுங்கிய துண்டுகள், ஆனால் பக்கத்துத் துண்டோடு விளிம்பு கச்சிதமாகப் பொருந்தும். ஆற்றில் உருண்ட கல் இப்படி இருக்காது. பழைய எரிமலையின் ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்து கடலை நோக்கி ஓடிய படிவு இது. துண்டுகளை எண்ணாமல், பொருந்தும் ஜோடிகளை மட்டும் தேடிப் படம் வரையுங்கள்.

மதியம் எத்தாங்-சாலே கறுப்பு மணல். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பி, உறையிட்ட காந்தத்தை அடியில் நகர்த்தினால் மேக்னடைட் ஓடிவரும், பச்சை ஆலிவினும் கறுப்புப் பைராக்சீனும் அங்கேயே நிற்கும். கரையோரம் வடக்கே போனால் எர்மித்தாழில் மணல் வெள்ளை, அங்கே பவளத்திட்டு இருப்பதால். அங்கே வினிகர் சோதனை செய்தால் நுரைக்கும். பவளத்திட்டு சூழ்ந்த காயலுக்குள் மட்டும் குளியுங்கள், வெளியே சுறா உண்டு.

மாலையில் குழு உட்கார்ந்து தீவின் குறுக்குவெட்டை வரைய வேண்டும். கடலடி சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, வெளியே தெரிவது மொத்தப் பருமனில் 3 சதவீதம் அளவே. அதனால் செங்குத்து அளவையும் கிடைமட்ட அளவையும் ஒன்றாகவே வைத்து, கடல் மட்டத்துக்குக் கீழேயும் தாளில் இடம் விட்டுத் தொடங்குங்கள். மேலே தெரிவதை மட்டும் தாள் நிறைய வரைந்துவிட்டால், அடியில் டைக்குகளையும் மாக்மா அறையையும் போட இடமே இருக்காது.